வலப்பக்கம் விழுந்த பூ

பெரம்பலூரில் எங்கள் கல்லூரிக்கு ஒருவர் வந்து, சமநிலையோடு வாழ்வது எப்படி என்று மத்தியானம் முழுக்கப் பேசிவிட்டுப் போனார். பலகையில் வட்டம் போட்டு, உடல், மனம், குடும்பம், வேலை என்று கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டார். எல்லாத் துண்டும் சமமாக இருந்தால்தான் நிறைவான வாழ்க்கையாம். முடிவில் கொடுத்த சமோசாவை வாங்கிக்கொண்டு நாங்கள் மறந்துவிட்டோம். என் நண்பன் தமிழரசன் மட்டும் மறக்கவில்லை. சமோசாவையும் வாங்கவில்லை. உடல் என்கிற துண்டுக்கு ஆகாதாம்.

அப்போது அவனுக்கு இரண்டு வேலை கிடைத்திருந்தது. ஒன்று சென்னையில், நல்ல சம்பளம், ஆனால் ராத்திரி ஷிப்ட். இன்னொன்று அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில். ஆண்டிமடத்து வீட்டிலேயே இருக்கலாம், முந்திரித் தோப்பையும் பார்க்கலாம், புழுதியும் தின்னலாம். ஒவ்வொரு துண்டுக்கும் மார்க் போட்டுக் கூட்டினான். இரண்டும் சமமாக வந்தன. மறுபடி கூட்டினான். அப்படியேதான் வந்தது. தேடிய சமநிலை கிடைத்துவிட்டதால் அவனால் எந்தப் பக்கமும் அசைய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றது சென்னைக் கம்பெனி.

"அம்மன்கிட்ட பூ கேட்டுருவோம்" என்றாள் அவன் அம்மா கலியம்மாள்.

நனைத்த பூவை அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஒட்டிவைத்துவிட்டு, கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து அம்மன் கோயிலில் நின்றோம். தமிழரசன், கலியம்மாள், அவன் அப்பா வீரமுத்து, துணைக்கு நான். பூசாரியின் பெயர் ஆண்டவர். பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பூ அசையவில்லை.

"ஃபேன் போடலாமாங்க?" என்றேன்.

"எதுக்கு தம்பி, நீயே ஏறித் தள்ளிவுட்டுரு" என்றார் ஆண்டவர்.

நாலரை மணி தாண்டியதும் வலப்பக்கப் பூ விழுந்தது. கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். தமிழரசன் போனை எடுத்தான்.

"யாருக்குடா போனு?"

"சென்னைக்குத்தாம்மா. வரேன்னு சொல்லிடறேன்."

"ஆத்தாளே இங்கன இருங்கிறா, நீ எங்க போற?"

"வலப்பக்கம்ல விழுந்துச்சு?"

"ஆமா. எம்புள்ள எங்கூடவே இருக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னுட்டா."

"நான் சென்னைக்குப் போவட்டுமான்னுல்லம்மா கேட்டேன்."

இருவரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? நான் அது ரெண்டுமே கேக்கல."

"பொறவு என்ன கேட்டீங்க?" என்றாள் கலியம்மாள்.

"முந்திரிக்கு இந்த வாரமே மருந்தடிச்சிரட்டுமான்னு கேட்டேன்."



"பூ ஒண்ணு, கேள்வி மூணு. ஆத்தா என்னதான் பண்ணுவா?" என்றார் ஆண்டவர். "ஒரே கேள்வியா வாய்வுட்டுக் கேளுங்க. மறுபடி வெக்கிறேன்."

எந்தக் கேள்வி என்பதில் அம்மாவும் மகனும் மல்லுக்கு நின்றார்கள். 'போகட்டுமா' என்று கேட்பதா, 'இருக்கட்டுமா' என்று கேட்பதா? தமிழரசன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லுடா. நான் என்னதான்டா பண்றது?"

எதற்கும் நக்கலாக ஒரு பதில் என்னிடம் இருக்கும். அவன் கண்ணைப் பார்த்தேன்.

"தெரியலடா" என்றேன்.

கடைசியில் கலியம்மாள்தான் இறங்கிவந்தாள். "சரி, போவட்டுமான்னே கேட்டுத் தொலை."

தமிழரசன் வாய்விட்டுக் கேட்டான். ஆண்டவர் புதுப் பூக்களை நனைத்தார். சும்மா வைத்தால் சரிவராது என்று இந்த முறை சந்தனம் தொட்டு, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

போனை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டபடி தமிழரசன் நின்றான். வெளியே ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஐந்து மணிக்குக் கைக்குள் போன் அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பூ, ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது.

வீரமுத்து மட்டும் மெல்ல வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். பூச்சிமருந்துக் கடை பூட்டுவதற்குள் போக வேண்டுமாம்.