இலைக்காக வாங்கிய ரகம்

முக்காட்டுக்குள் செருகியிருந்த போன் பர்வீனின் காதோரம் அடித்து அடித்து ஓய்ந்தது. செந்தூர்பாண்டி எடுக்கவில்லை. தீப்பெட்டி லோடு ஏற்றிய மினி லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஹாரனில் வைத்த விரலை எடுக்காமலே ஸ்கூட்டரைக் கரிசலில் இறக்கி, லாரியைத் தாண்டி, மறுபடி தாரில் ஏறினாள்.

"ஏத்தா! சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சிச்சா?" லாரிக்காரரின் கத்தல் பின்னால் தேய்ந்தது.

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகிற ரோடு அவளுக்கு உள்ளங்கை மாதிரி. இன்று அது முடியாமல் நீண்டுகொண்டே போனது. பன்னிரண்டு மணிக்குச் செந்தூர்பாண்டி தன் குடைமிளகாய்ப் பசுமைக்குடிலில் தண்ணீரைத் திறப்பான். திறக்கச் சொன்னவளே அவள்தான். ஒரு சொட்டு விழுவதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் அவள் சொல்லால் சாவார்கள்.

வினை காலையில், கடையில் ஆரம்பித்தது.

சாத்தூர் பஜாரில் அண்ணனும் தங்கச்சியுமாக நடத்துகிற விதைக்கடை அது. கொள்முதல், வசூல், வெளிவேலை எல்லாம் அண்ணன் அப்துல் ஹக்கீம். எந்த மண்ணுக்கு எந்த ரகம் என்று சொல்வது பர்வீன். அதிலும் குடைமிளகாய் என்றால் சுற்று வட்டாரத்தில் அவளைக் கேட்காமல் யாரும் நாற்று விடுவதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குடிலில் வருஷா வருஷம் புது ரகங்களைப் போட்டுப் பார்ப்பாள். வெயிலில் பூ உதிர்க்கிறதா, காய் நாலு முகமாகத் திரளுகிறதா, பெங்களூருக்கு லாரியில் போனாலும் தோல் சுருங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, தேறியதை மட்டும்தான் விற்பாள்.

பஸ் கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே குடைமிளகாய் இலைகள். கூடவே செந்தூர்பாண்டியின் போன்.

"யக்கா, பாத்தீகளா? இலையெல்லாம் வெள்ளி பூசினாப்புல மினுங்குது. சுருளுது. பிஞ்சு பூராக் கொட்டுது."

இந்த சீசனில் எந்தக் குடிலைத் திறந்தாலும் இலைப்பேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி சாற்றை உறிஞ்சினால் இலை வெள்ளி பூத்துவிடும். அந்த வாரத்தில் அவளிடம் வந்தவர்களெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சலிப்பில் பர்வீன் பையைப் பிரிக்கவே இல்லை.

"இலைப்பேன்தான் செந்தூரு. மருந்த அடிச்சுக் காசக் கரைக்காத. பன்னெண்டு மணிக்கு, வெயில் உச்சியில, மேல இருக்கிற ஃபாகரை மொத்தமாத் தொறந்துவிடு. பனி மாதிரி எறங்கட்டும். ஃபேனையும் போடு, மூலை முடுக்கெல்லாம் ஈரம் போகணும். ஈரத்துல அது நிக்காது."

"சரிக்கா. அப்படியே செஞ்சிருதேன்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஹக்கீம் டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது.

"யாரு, செந்தூர்பாண்டியா?"

"ஆமாண்ணே. இலைப்பேனு."

"ஓ." போனை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். யாருக்கோ அடித்தார், மறுபடி அடித்தார். திரும்பி வந்தபோது சட்டையின் முதுகு நனைந்திருந்தது. "மல்லாங்கிணறு வரைக்கும் போயிட்டு வாரேன். வெங்காய விதைக்காரன் ஒருத்தனப் பாக்கணும்."

"டீயக் குடிச்சிட்டுப் போங்கண்ணே. பாதி டீய வச்சிட்டு எந்திரிக்கிற ஆளா நீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். இடது செருப்பின் வார் அறுந்து, போன வாரம் பர்வீனே தைத்துக் கொடுத்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோய்ச் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். 'கட்சிச் செருப்பாட்டம் இருக்கே' என்று அன்று சிரித்த மனிதர், இன்று அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

வியாபாரிகள் இரண்டு பேரை அனுப்பிய பிறகு பர்வீன் பையைப் பிரித்தாள். பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இலைப்பேன் இருந்தால் இலைக்கு அடியில் மிளகுப் பொடி தூவியது போல அதன் எச்சம் கிடக்கும். ஒரு புள்ளிகூட இல்லை.

விரலை நாக்கில் தொட்டு இலையைத் தேய்த்தாள். பூச்சி உறிஞ்சிய தழும்பு தேய்த்தால் போகாது. இது வந்தது. விரல் நுனி பளபளத்தது.

இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த வெள்ளியை யாரும் சொல்லித்தர வேண்டாம். சாயங்காலம் சிவகாசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற கைகளில், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நகக்கண்ணில் மினுங்குவது. அலுமினியப் பொடி.

நாலு பக்கமும் பூச்சி வலை, மேலே பிளாஸ்டிக் கூரை, இரட்டைக் கதவு. வெளியிலிருந்து தூசி உள்ளே போக வழியே இல்லை. அப்படியென்றால் பொடி உள்ளேயே இருக்கிறது. உள்ளே பட்டாசுக் கலவை போடுகிறார்கள்.

அந்தக் கலவை நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரம் பட்டு அப்படியே கிடந்தாலும் உள்ளுக்குள் சூடேறி, புகைந்து, தானே பற்றும் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் தெரியும். மழை பெய்த மறுநாள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், யாரும் எங்கே என்று கேட்பதில்லை. எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள்.

பன்னெண்டு மணிக்கு மொத்தமாத் தொறந்துவிடு. ஃபேனையும் போடு.

அவள் குரல் அவளுக்கே காதில் கேட்டது. அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கடை ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தவள்தான்.

வெம்பக்கோட்டைக்கு முன்னால் இடது பக்கம் மண் பாதை பிரிந்தது. ஸ்கூட்டர் குலுங்கிய குலுக்கலில் இன்னொன்றும் மேலே வந்தது. விதை வாங்க செந்தூர்பாண்டி கடைக்கு வந்த நாள்.

மேஜையில் ரகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். "இது சிவப்பு. கெட்டித் தோலு, ஓட்டல்காரங்க கொத்திக்கிட்டுப் போவாக. இது மஞ்சள். விலை நிக்கும், ஆனா நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் செல்லம் கொடுக்கணும். இந்தப் பச்சை இருக்கே, அசராது. மொதத் தடவை போடுறவனுக்கு இதுதான் தோது."

அவன் எதையும் கையில் எடுக்கவில்லை. மனப்பாடம் பண்ணியது போலக் கேட்டான். "இதுல எது யக்கா ரொம்ப ஒசரம் போகும்? இலை அடர்த்தியா, அந்தப் பக்கம் ஆள் நின்னாத் தெரியாத அளவுக்கு?"

"ஏன், இலையப் பறிச்சா விக்கப் போற?"

அவன் சிரிக்கவில்லை. அப்படி ஒரு ரகம் இருந்தது. சோதனைக் குடிலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, காடாய் இலை விட்டு, காய்க்கச் சொன்னால் கையை விரித்த ரகம். தூக்கிப் போடச் சொல்லியிருந்தாள். ஹக்கீம்தான், "கெடக்கட்டும் பாப்பா, எவனாவது கேப்பான்" என்று பாக்கெட்டுகளை உள்ளே எடுத்து வைத்தார். சொன்னது போலவே ஒருவன் கேட்டு வந்தான்.

"வேணாம் செந்தூரு, நஷ்டப்படுவ" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. பிறகு இரண்டு முறை பயிரைப் பார்க்கப் போனபோதும் வாசலிலேயே நிறுத்திவிட்டான். "உள்ள வராதீகக்கா. வெளிய இருந்து வந்தா பூச்சி தொத்தும்னு நீங்கதான சொல்லியிருக்கீக?" தன் பாடத்தைத் தனக்கே ஒப்பிக்கிறானே என்று அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது விளங்கியது. காய்க்காக யாரும் வாங்காத ரகத்தை அவன் திரைச்சீலையாக வாங்கியிருக்கிறான்.

வெள்ளைக் குடில் கண்ணில் பட்டது. கம்பி கேட் திறந்தே கிடந்தது.

வேப்பமரத்துக் கிளையில் ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்கியது. அது நிறைய செல்போன்கள். ஏதோ ஒன்று உள்ளே அதிர்ந்து அடங்கியது. கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்குத் தெரியாமல் நடக்கிற கம்பெனியும் அதை மட்டும் மீறவில்லை. இவள் அடித்த அழைப்பெல்லாம் இந்த வாளிக்குத்தான் வந்திருக்கிறது.

குடிலின் வாசலைப் பார்த்தாள். குடைமிளகாய்க் குடிலுக்குள் போகிறவர்கள் செருப்போடு மருந்துத் தண்ணீரில் மிதித்துவிட்டுப் போக வேண்டும். இங்கே மருந்துத் தொட்டி காய்ந்து கிடந்தது. செருப்புகள் வெளியே வரிசையாகக் கழற்றிக் கிடந்தன. கதவு நிலையில் ஒரு செம்புத் தகடு, கைபட்டுக் கைபட்டு மினுங்கியது. உடம்பில் இருக்கும் மின்சாரத்தைத் தொட்டு இறக்கிவிட்டு உள்ளே போவதற்காக அறைந்தது. பட்டாசுக் கம்பெனி வாசல்தான். செடியின் வேஷம் போட்டிருந்தது.

மேலே, கூரைக்கடியில், ஸ்ஸ்ஸ் என்று சத்தம்.

ஃபாகர் ஓடிக்கொண்டிருந்தது.

"செந்தூரு! நிப்பாட்டுலே! தண்ணிய நிப்பாட்டு!"

கிணற்றடி மோட்டார் கொட்டகையை நோக்கி ஓடினாள். செந்தூர்பாண்டி உள்ளே சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தான். மோட்டார் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டு சுவிட்சை இறக்கினாள்.

"யக்கா! என்னக்கா, நீங்கதான..."

"உள்ள கலவை போடுறீங்களாலே?"

அவன் குடிலைத் திரும்பிப் பார்த்தான். "அது... நடுவுலக்கா. செடி சுத்தியில இருக்கு. நடுவுல படுதா கட்டியிருக்கோம். பொடி இந்தப் பக்கம் வராது, தண்ணி அந்தப் பக்கம் போகாதுன்னு..."

"பொடி வந்துதான இலை மினுங்குச்சு? ஃபேனப் போட்டா தண்ணி மட்டும் போகாதா?"

பீடி அவன் விரலிலிருந்து விழுந்தது. பர்வீன் அதை மண்ணோடு மண்ணாக மிதித்துத் தேய்த்துவிட்டுக் குடிலைப் பார்த்து ஓடினாள்.

அதற்குள் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளி. ஒருத்தி வாயைப் பொத்தியிருந்தாள். கூடவே ஒரு வாடை வந்தது, மூடிக்கிடந்த கக்கூஸைத் திறந்தது போல. கலவை உள்ளுக்குள் வேகத் தொடங்கினால் வருகிற வாடை. அவரவர் செருப்பைக் கையில் அள்ளிக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினார்கள்.

"அங்கன நிக்காதீக! கேட்டுக்கு வெளிய போங்க!" பர்வீன் விரட்டினாள்.

கடைசியாக வந்தவளை அவளுக்குத் தெரியும். செல்லத்தாய். கம்பெனி கம்பெனியாகக் கலவை ரூமில் வேலை பார்த்த கை. கண்ணெல்லாம் நீராக இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா செல்லத்தாயக்கா?"

"எங்காளுக பூராவும் வந்தாச்சு தாயி. நல்ல நேரம், மொதலாளி வந்து வெரட்டிவிட்டாரு. இல்லைன்னா மேல தூவுற தண்ணியப் பூவாணம்னு நெனச்சு அதுக்குள்ளயே உக்காந்திருப்போம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

பர்வீன் திரும்பிப் பார்த்தாள். செந்தூர்பாண்டி அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"மொதலாளியா? இவன் மோட்டார் ரூமுலல்ல இருந்தான்?"

"க்கும், இவரா?" செல்லத்தாய் உதட்டைப் பிதுக்கினாள். "இவரு செடிக்கு மொதலாளி. நான் சொல்றது எங்க மொதலாளிய. யாரு கண்ணுலயும் படாம, வழக்கம்போலக் குளத்தங்கரை வழியாச் சுத்தி கார்ல வந்தாரு. வந்த வேகத்துல உள்ள பாஞ்சு, 'எந்திரிங்க, எந்திரிங்க, ஓடுங்க'ன்னு ஒரே சத்தம். நனஞ்ச கலவைத் தட்டு மட்டும் ஓரமாத் தள்ளிப் போட்டுட்டா மத்தது பத்திக்காதுன்னு அவரு உள்ளயே நின்னுட்டாரு. நானும் கூட நிக்கேன்னேன். 'நீ போம்மா, பிள்ள குட்டிக்காரி'ன்னு கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத குறை."

"யாருக்கா அது?"

"பேரு யாருக்குத் தெரியும்? மொதலாளின்னுதான் கூப்பிடுவோம். பாவம், நல்ல மனுசன். பொறி தட்டக் கூடாதுன்னு எங்கள நூல் சேலை கட்டச் சொல்லிட்டு, அவரும் நூல் சட்டைதான் போட்டுக்கிட்டு வருவாரு."

பர்வீன் செந்தூர்பாண்டியின் சட்டையைப் பிடித்தாள். "எடம் உன்னுது. குடில் யாருது? அந்த ரகத்த வாங்கச் சொல்லி உன்ன என் கடைக்கு அனுப்பினது யாரு?"

"யக்கா..." அவன் தலை குனிந்தது. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருக்கா. மத்தவங்ககிட்ட சொன்னாக்கூடப் பரவாயில்ல, உங்ககிட்ட மட்டும்..."

மத்தவங்ககிட்ட சொன்னாக்கூடப் பரவாயில்ல.

பர்வீனின் கை அவன் சட்டையிலிருந்து தானாக நழுவியது.

குடிலுக்குள், ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்ற இலைகளுக்குப் பின்னால், யாரோ ஒரு தட்டைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். செடி மறைத்தது. அந்தப் பக்கம் ஆள் நின்றால் தெரியாது. அதற்காகத்தானே அந்த ரகம்.

இலைகளுக்கு மேலாக, வெள்ளையாய், மெல்லிசாய், ஒரு புகை எழுந்து கூரையில் முட்டிப் பரவியது.

"யாராயிருந்தாலும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே வாசலை நோக்கிப் பாய்ந்தாள். செல்லத்தாய் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "போகாத தாயி! புகை வந்துருச்சு, இனிமே யாரும் போகக் கூடாது!"

பிடியை உதறித் திமிறியபோதுதான் பர்வீன் தரையைப் பார்த்தாள்.

பெண்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, செம்புத் தகட்டுக்குக் கீழே ஒரே ஒரு ஜோடிச் செருப்பு மிச்சம் இருந்தது. அத்தனை அவசரத்திலும் கம்பெனி முறையை மறக்காமல் கழற்றி, வெளியே வரும்போது மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்திருந்தது. ஆம்பளைச் செருப்பு. இடது காலின் கறுப்பு வாரில், அவள் கையாலேயே போட்ட சிவப்பு நூல் தையல்.