நவ்யா சொன்ன பதில்

1

இக்கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கோவைச் சிறையில் இளங்கைதிகளுக்கு உறவும் பாலியலும் பற்றி வகுப்பெடுக்கும் ஆலோசகர் லோகப்பிரியா, "சார், உடம்பைப் பத்திக் கூச்சமில்லாமப் பேச நல்ல தமிழ் வார்த்தை வேணுங்க" என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஆதலால் கொடுத்தேன், வகுப்புகளுக்கும் உடன் சென்றேன். வகுப்பில் அவற்றைக் கேட்ட இளைஞர்கள் ஏதோ மூலிகைகளின் பெயர்கள் என்று கருதினர்.

(முதல் வரைவில் அச்சொற்கள் இருந்தன. என் துணைவியார் படித்தார். இரண்டாம் வரைவில் அவை இல்லை.)

2

தொடக்கம் அ: இருள் சூழ்ந்த சிறையின் உயர்ந்த மதில்களுக்குள்ளே— வேண்டாம். வகுப்பு நடந்தது நல்ல வெயிலில்.

தொடக்கம் ஆ: மதன்குமார், திருமணமான மூன்றாம் மாதமே ஓர் அடிதடி வழக்கில் உள்ளே வந்தவன். மனைவி நவ்யா பெருந்துறையில் தாய்வீட்டில் இருக்கிறாள். "இன்னொருக்கா வாரேனுங்க. அப்பறம் வரோணுமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்" என்று சென்றமுறை சொல்லிப் போயிருந்தாள். ஆகவே, பொதுத்தேர்வு எழுதப் போகிறவனைப் போல் அவன் முன்வரிசையில் அமர்ந்திருந்தான்.

"தொடறதுக்கு முன்னால கேக்கோணுமுங்களா மேடம்? தாலி கட்டுன பொறகுமா?"

"காந்திபுரம் பஸ்ல பக்கத்துல உக்காரவே 'ஏனுங்க, உக்காந்துக்கட்டுங்களா'ன்னு கேக்கறீங்க. பொண்டாட்டிகிட்ட மட்டும் என்னங்க?"

மனைவியிடம் கேட்பதற்கு ஒத்திகை நடந்தது. திருமூர்த்தி என்னும் சக கைதி, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நவ்யா ஆனான். எதைக் கேட்டாலும் "சரிங்க மாமா" என்றான்.

"எல்லாத்துக்கும் சரிங்கற பொண்டாட்டிய எங்கீங்க பாத்தீங்க?" என்றார் லோகப்பிரியா.

"என்ற ஊட்ல இல்லீங்க மேடம். இங்கியாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுங்க."

(திருமூர்த்தியை நான் முழுதும் நம்பவில்லை, தேவைக்கு மேல் நன்றாகப் பேசுகிறான். நீக்கிப் பார்த்தேன். கதை சாய்ந்தது.)

3

நவ்யா வந்தாள். பார்வையாளர் கூடத்தில் இரண்டு கம்பிவலைகள், நடுவே இடைவெளி, இருபுறமும் அனைவரும் ஒரே நேரத்தில் கத்துவர். மென்மையாகக் கேட்க வேண்டும் என்பது பாடம். மதன் மென்மையாகக் கேட்டான்.

"ஏனுங்க மாமா? ஒண்ணும் கேக்கலீங்க!"

மீண்டும் கேட்டான்.

"சத்தமாச் சொல்லுங்க!"

அவன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். அந்நேரம் பார்த்துக் கூடம் முழுதும் கத்தலை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நாந்தொட்டதெல்லாம் உனக்குப் புடிச்சுதா அம்மணி? என்னோட இருக்கப் புடிச்சிருக்கா? இல்லாட்டிச் சொல்லீரு!"

காவலர் தம் தொப்பியைச் சரிசெய்தார். மகனைக் காண வந்திருந்த மயில்சாமி என்பவர், "சொல்லு கண்ணு, நாங்க காதைப் பொத்திக்கறோம்" என்றார். ஒருவரும் பொத்தவில்லை.

நவ்யா வலையருகே வந்து வாய் திறந்தாள்.

4

முடிவு அ: "புடிச்சுதுங்க" என்றாள். கூடமே கைதட்டி— (திரைப்படம்.)

முடிவு ஆ: "இல்லீங்க" என்றாள். மதன் தலைகுனிந்து— (தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை, என்னுடையதன்று.)

இதுவரை நடந்ததை எனக்குச் சொன்னவனே மதன்தான். அடுத்த வகுப்பில் மிச்சத்தைக் கேட்டேன்.

"அது அவ பதிலுங்க சார். அவளைக் கேக்காம நான் எப்படிங்க சொல்றது?"

"கதைக்கு முடிவு வேண்டுமே, தம்பி."

பின்வரிசையிலிருந்து திருமூர்த்தி, "மேடம், சார் இந்தப் பாடத்துல பெயிலுங்க" என்றான்.

அப்போது வாயிலில் காவலர், "மதன்குமார்! பாக்க ஆளு வந்திருக்குது" என்றார். அவன் ஓடினான். யார் என்று கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

ஆதலால், வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதுமுன் பெருந்துறைக்குச் சென்று நவ்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெதுவாக.