பீர் இறக்கிய காலை

"வாய வெச்சு இழு லோகா. நடுவுல நிறுத்தாத. காத்து பூந்துடும்."

கட்டிலிலிருந்து பரந்தாமன் சொன்னார். அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் குரலில் பாதி வெறும் மூச்சாகிவிட்டது. லோகநாயகி கையில் குளுக்கோஸ் டியூபுடன் நின்றாள். அதன் ஒரு முனை மேடைமேல் இருந்த பிளாஸ்டிக் குடத்துக்குள் கிடந்தது. மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினால்தான் குடத்திலிருக்கும் பீர் கீழே வைத்த பாட்டிலுக்கு இறங்கும். அவளோ இத்தனை வயதுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்தவள் இல்லை.

சாராயக் கடைகளை மூடிய வருஷம் ஆரம்பித்த கூத்து இது. பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். ஒரு பீர் கம்பெனிக்கு ஸ்டீல் தொட்டி பொருத்தப் போனவர், அங்கே பார்த்ததை மேனாம்பேட்டு வீட்டில் இட்லிப் பானையை வைத்துச் செய்து பார்த்தார். உமி போகாத பார்லியை முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து, கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டுவார். கசப்புக்குக் கம்பெனியில் கேட்டு வாங்கிய ஏதோ காய்ந்த பூ. பேக்கரி ஈஸ்டைப் போட்டு மூடிவிட்டால் வீடே புளித்த மாவாக நாறும். முதல் தடவை பாட்டில்கள் வெடித்து, கண்ணாடி பொறுக்கியே அவள் கை கிழிந்தது.

"குடிகாரன் ஊட்டுப் பானையில அவிச்சத நான் தின்ன மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போன நாத்தனார் வடிவு அதற்கப்புறம் வாசல் மிதிக்கவில்லை. லோகநாயகியும் திட்டித் தீர்த்தாள். ஆனால் கண்டதைக் குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்தவர்களைப் பார்த்த பிறகு, திட்டு முணுமுணுப்பாகச் சுருங்கிப்போனது.

இப்போது நுரையீரல். பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். படுக்கையில் விழும் முன் அவர் போட்டுவைத்த குடம் அது.

"குமிழி நின்னுபோச்சு. இன்னிக்கு எறக்கலன்னா புளிச்சிரும்."

"புளிக்கட்டும். இப்ப யாரு குடிக்கப் போறா?"

அவர் கையால் குடத்தைக் காட்டினார். அவள் டியூபை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். திடுமென வாய் நிறைந்தது. பயத்தில் பாதியை விழுங்கிவிட்டாள். மீதி ரவிக்கையில் வழிந்தது. கட்டிலிலிருந்து சிரிப்பு கேட்டது. அது இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

"எப்டி கீது?"

"வேப்பங்கொழுந்து கணக்கா கீது. இதுக்குத்தானா இவ்ளோ பாடு?"

"பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சக்கர. கழுத்து வரைக்கும் ஊத்தாத. மூச்சு விட எடம் வை."

அவள் நிரப்ப நிரப்ப, அவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு ஸ்பூனில் எடுத்துப்போய் அவர் உதட்டில் விட்டாள். நாக்கிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கேஸ் ஏறல. பத்து நாள் போவணும்."

"போவட்டும். பொறுமையா குடிக்கலாம்."

"ம்" என்றார். முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துவிட்டுக் குடம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அவர் கண்கள் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாங்க" என்றாள். கிட்டே போய் இன்னொரு தடவை, "இன்னாங்க."

பக்கத்து வீட்டு எத்திராஜ் ஆள் அனுப்பி, வேலப்பன்சாவடியிலிருந்து வடிவு வந்து இறங்கும்போது உச்சி வெயில். "தம்பீ" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து லோகநாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்து ஒப்பாரியை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

வாடை.

லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. சுற்றிலும் பொம்பளைகள். வடிவு அவள் முகத்தைப் பார்த்தாள், அடுப்படியில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தாள். ஊரைக் கூட்டப்போகிற அந்தக் குரலுக்காக லோகநாயகி தலைகுனிந்து காத்திருந்தாள்.

வடிவு தன் முந்தானையை எடுத்து அவள் வாயை அழுத்தித் துடைத்தாள். முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாக அலறினாள். பிணம் எடுக்கும்வரை விடவேயில்லை. வேறு யாராவது கட்டி அழ வந்தால், "கிட்ட வராதம்மா, அவளுக்கு மயக்கமா கீது" என்று விரட்டினாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு இருவரும் பின்கட்டுக் குழாயடியில் தலை முழுகினார்கள்.

"நீயும் குடிப்பியா?"

"இல்ல அண்ணி. பாட்டில்ல எறக்கச் சொன்னாரு. டியூப்ல வாய் வெச்சு இழுத்தாத்தான் வரும்."

"சாவுற நேரத்துலகூடவா?"

லோகநாயகி தலையாட்டினாள்.

"அவன் குடிச்சானா?"

"ஒரே ஸ்பூன்."

"இன்னா சொன்னான்?"

"பத்து நாள் போவணும்னாரு."

வடிவு வாளியில் ஊறிக்கிடந்த லோகநாயகியின் புடவையைத் தூக்கி, ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் பின்னால் நகர்ந்து, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் கல்லில் கொட்டி, ஒழுகி, சொட்டி, நின்றது. அப்புறமும் இருவரும் முறுக்கிக்கொண்டே நின்றார்கள்.