முன்பக்கத் தகட்டில் ஒரு கட்டைவிரல்

காரியம் இல்லாமல் அண்ணியின் கால் இந்தப் படி ஏறாது என்று ஊசிக்குத் தெரியும். ஊசி என்பது அப்பா அவளுக்கு வைத்த பெயர். கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடுகளை ஒட்டும் சிமென்ட்டை ஊசிமூக்குப் புட்டியிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இடுக்கில் விடுவாள் என்பதால் வந்த பெயர். அதே அப்பாதான் ஒரு நாள் பட்டறையில் எல்லோர் முன்பும், "இனிமே உன் கை இங்க எதுலயும் படக்கூடாது, போ" என்றார். போனாள். தெருக்கோடியில் ஓர் அறை பிடித்து, ஒரு மேசை போட்டு, பெயர்ப்பலகையும் கடைகளுக்குக் காட்சிப் பெட்டியும் செய்து பிழைத்துக்கொண்டாள். பிழைப்பு நன்றாகத்தான் நடந்தது. ஆத்திரம் அதைவிட நன்றாக வளர்ந்தது.

அண்ணி கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

"பட்டறைய உங்க அண்ணன்கிட்ட ஒப்படைக்கப் போறாரு உங்கப்பா. பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம். தகடு கீற அவர் வாங்கின முதல் கத்திய ஒரு பெட்டியில வச்சு முன்வாசல்ல வைக்கிறதா ஏற்பாடு. உங்க அண்ணன்தான் பெட்டிய செஞ்சாரு. ரெண்டு தடவ."

"ரெண்டு தடவ எதுக்கு?"

"ஒட்டின இடமெல்லாம் நரம்பு நரம்பா விரிசல் விட்டுடுச்சு."

ஊசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஓரம் பளபளன்னு இருக்கணும்னு நெருப்பு காட்டியிருப்பாரே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாமல் என்ன? நெருப்பு பட்ட ஓரம் உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்கும். அதில் சிமென்ட் பட்டதும் வெடித்து நூல் நூலாகப் பிரியும். அப்பா இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறார். நின்று கேட்க அண்ணனுக்கு ஏது நேரம்? பிறந்ததே எட்டாம் மாதத்தில், அவசரத்தில் பிறந்தவன்.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "நீ செஞ்சு கொடும்மா. ஆனா நீ செஞ்சதுன்னு வெளியில தெரிய வேணாம். அவருக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல?"

அவன் செய்த தப்புக்கு அவள் கை. அவள் செய்யும் வேலைக்கு அவன் கை. நல்ல பங்குதான்.

"அதுக்கென்ன அண்ணி, செஞ்சுட்டாப் போச்சு" என்றாள். அவள் இவ்வளவு இனிமையாகப் பேசி அண்ணி கேட்டதில்லை. கொஞ்சம் பயந்தே போனாள். "கத்திய வச்சுட்டுப் போங்க. அளவு பாக்கணும்."

அண்ணி தலை மறைந்ததும் ஊசி அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய போர்வையில் சுற்றிய ஒரு தகட்டை இழுத்து எடுத்தாள். இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்தது.

அப்பாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டின் மேல் ஒட்டி வரும் காகிதத்தை, ஒட்ட வேண்டிய ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உரித்துக்கொள்ளலாம். மீதியில் யாரும் கை வைக்கக்கூடாது. சாமான் வாங்க வந்தவர் முன்னால் அப்பாதான் அதை உரிப்பார், புதுத் துணி பிரிப்பதுபோல. அப்பா அவளை வெளியேற்றிய அன்று கட்டட வரைவாளர் ஒருவருக்கு, நகரத்தின் சிறு மாதிரியை மூடி வைக்கப் பெரிய பெட்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஊசி மூட்டுகளை எல்லாம் ஒட்டிவிட்டு, அடிமூட்டு ஒன்றை மட்டும் பாக்கி வைத்துச் சாப்பிடப் போனாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, அவனே ஒட்டினான். தகட்டை மூட்டுக்குப் பக்கத்திலேயே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். இந்தச் சிமென்ட் பசை மாதிரி நிற்காது, தண்ணீராக ஓடும். இடுக்கில் ஓடுவதுபோல விரலுக்கு அடியிலும் ஓடும், ஓடிய இடத்தில் தகட்டைக் கரைக்கும். விரலை எடுத்தால் ரேகை ரேகையாகப் பதிந்திருக்கும், துடைத்தால் போகாது. அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? உரித்த காகிதத்தை அதன்மேல் இழுத்து ஒட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

வரைவாளர் முன்னால் அப்பா காகிதத்தை உரித்தார். முன்பக்கத் தகட்டின் கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல். "யார் ஒட்டினது?" என்று அப்பா கேட்டார். "அவதான்" என்றான் அண்ணன். வரைவாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஊசியும் போனாள்.

போகும்போது, அறுத்துக் குப்பையில் எறிந்த பெட்டியிலிருந்து அந்த முன்தகட்டை எடுத்துக்கொண்டாள். மற்ற மூட்டுகளை ஒட்டும்போது தன் விரல்தான் பட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில், தன் தப்பைத் தானே பார்க்க வேண்டும் என்றுதான் எடுத்தாள். வீட்டில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெற்றுக்கோடு ஓடியது. அண்ணனின் இடது கட்டைவிரலில் ரம்பம் கடித்த தழும்பு அது. ஊசியின் கட்டைவிரல்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

அன்றே ஓடிப்போய்க் காட்டியிருக்கலாம். காட்டினால் அப்பா நாலு வார்த்தை திட்டுவார், அண்ணன் தலையைத் தொங்கப்போடுவான், சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் பட்ட அவமானம் நாலு பேர் பார்க்கப் பட்டது. அவனும் நாலு பேர் பார்க்கத்தான் பட வேண்டும். கறுவிக்கொண்டே காத்திருந்தாள். இப்போது அண்ணியே நடந்து வந்து அந்த நாலு பேரையும் கூட்டித் தருகிறாள்.

வேலையில் குறை வைக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். குறை இருந்தால் பழி மறுபடி அவள் தலையில் விழும். விரல் பதிந்த மூலை கெடாமல் அந்தத் தகட்டைப் புது அளவுக்கு அறுத்தாள். ஓரங்களுக்கு நெருப்பே காட்டாமல், சுரண்டும் இரும்புத் தகட்டால் ஒளி ஊடுருவும் வரை இழைத்தாள். மேசையில் மூன்று சிமென்ட் இருந்தன. பிவிசி குழாய் ஒட்டும் சிமென்ட் அக்ரிலிக்குக்கு ஆகாது. கெட்டியானது இடைவெளியை அடைக்கும், ஆனால் குமிழி காட்டிக் கொடுக்கும். தண்ணீர்ச் சிமென்ட்டையே எடுத்தாள். ஓரம் நேராக இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. அண்ணன் ஒரு தடவை இதை வைத்துப் பாலிதீன் வாளியை ஒட்டப் பார்த்து ஒரு பகலை வீணாக்கியவன். சிமென்ட் ஊற்றி வைத்த புட்டியே பாலிதீன்தான், ஒட்டுமானால் புட்டியே மிஞ்சாது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

மூட்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஊசிமூக்கை ஓரத்தில் வைத்தாள். சிமென்ட் தானாகவே இடுக்கு முழுவதும் ஓடியது, வெள்ளைக்கோடு மறைந்து இரண்டு தகடும் ஒன்றானது. ஒரு நாள் காற்றாட விட்டாள். அடியில் ஆவி போக ஒரு துளை போட்டாள். பிறகு கத்தியை உள்ளே வைத்து, திறந்து மூடும்படி இருக்க வேண்டிய மூடியையும் நாலு பக்கமும் ஒட்டிவிட்டாள். இனி இந்தத் தகட்டை மாற்ற வேண்டுமானால் ரம்பம்தான் எடுக்க வேண்டும். கடைசியில் முன்பக்கம் முழுக்கப் புதுக் காகிதம் ஒட்டி அண்ணிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்தக் காலையில் பட்டறையைக் கழுவித் துடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள், தகடு விற்பவர்கள் என்று கூட்டம். முன்வரிசையில் அந்த வரைவாளரும் இருந்தார். ஊசி கதவோரமாக நின்றுகொண்டாள். அவளைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பா பெட்டியின் மூட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "ஒரு குமிழி இல்லையே. நீயா செஞ்ச?" என்று அண்ணனைக் கேட்டார்.

"முழுக்க என் கையால செஞ்சதுப்பா."

அப்பா காகிதத்தின் மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தார். வெளிச்சம் உள்ளே புகுந்தது. கத்தி தெரிந்தது. கீழ் மூலையில் கட்டைவிரல் தெரிந்தது.

ஊசி முன்னால் வந்தாள். "அண்ணன் தன் கையால செஞ்சதுன்னு சொன்னாருல்ல? கையே இருக்கு, பாருங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாய்ந்து வந்து மூடியைப் பிடித்து இழுத்தான். அது அசைந்து கொடுக்குமா? "இது சதி! இது அந்தப் பழைய தகடு! அன்னிக்கு நான்..." என்றவன் பாதியில் நிறுத்தினான். இடது கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. வரைவாளர் அந்தக் கையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு அந்தப் பொண்ணு இல்லையா?" என்றார், எல்லோருக்கும் கேட்க.

ஊசிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அப்பா இனி அவனைக் கிழிக்கப்போகிறார் என்று ஆசையோடு பார்த்தாள்.

அப்பா யாரையும் கிழிக்கவில்லை. உரித்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே, "அது எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?" என்றாள் ஊசி.

"அன்னிக்கே பாத்தேன். தழும்ப பாத்தா தெரியாதா எனக்கு?"

ஊசி பெட்டியின் மேல் கையை ஊன்றினாள். "தெரிஞ்சுதான் என்னைய அனுப்புனீங்களா?"

"உனக்குக் கை இருந்துச்சு. எங்க போனாலும் பொழச்சுக்குவ. இவன அனுப்பினா இவன் எங்க போவான்?"

"நான் எங்க போனேன்னு ஒரு நாளாவது வந்து பாத்தீங்களாப்பா?"

அப்பா சுருட்டிய காகிதத்தை மறுபடி விரித்தார். இத்தனை வருடமும் தப்பான ஆளை வெறுத்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அண்ணன் பயந்து ஒரு பொய் சொன்னான், அவ்வளவுதான். தெரிந்தே அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர் இவர். அழுகை வரவில்லை. வந்தது வேறு.

ஊசிமூக்குப் புட்டி பட்டறை மேசையில் பழைய இடத்திலேயே இருந்தது. எடுத்தாள். "தொடாத!" என்றான் அண்ணன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியைச் சாய்த்து, அண்ணனின் விரலுக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு சொட்டு விட்டாள்.

"அப்பா, கட்டைவிரலக் கொடுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டினார். அவள் அந்த விரலைப் பிடித்துச் சொட்டின் மேல் வைத்து அழுத்தினாள், ஒரு நல்ல மூட்டுக்கு அழுத்துவதுபோல. எடுத்தபோது பிள்ளையின் விரலுக்குப் பக்கத்தில் அப்பாவின் விரல் பதிந்திருந்தது, ஒரு ரேகை பிசகாமல்.

அப்பா விரலைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஊசி புட்டியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூட்டத்தைக் கடந்து நடந்தாள். வாசலில் அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பெட்டிய இப்ப என்னம்மா பண்றது?"

"முன்வாசல்ல வைங்க அண்ணி. ஏற்பாடு அதுதானே?"