மூச்சு விடும் துணி

"என்ன துணிடி இது?" என்றாள் அம்மா, திரையைப் பார்த்து.

எனக்குக் கை மவுஸிலேயே ஒட்டிக்கொண்டது. பிரசவத்துக்குப் பிந்தைய என் வயிற்றைப் பற்றி நானே எடுத்த பன்னிரண்டு நிமிடப் படம் அது. முகம் கிடையாது, பேச்சு கிடையாது; அறுவைத் தழும்பு, பால் கசிந்து நனைந்த ரவிக்கை, தோல். அவ்வளவுதான். கதை எங்கே என்று கேட்பவர்களுக்குச் சிரித்து மழுப்புவேன். மாலை ஆறு மணிக்குள் திரைப்பட விழாக்குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி: படத்தில் உடல் தெரிகிற அனைவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நொடி திரையில் ஓடிக்கொண்டிருந்தது என் வயிறு அல்ல. போன மாதம் ஒரு மதியம், என் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அம்மாவும் அப்படியே கண் அயர்ந்தபோது, மின்விசிறிக் காற்றில் அவள் முந்தானை விலகி வயிறு தெரிந்தது. நாற்பது வினாடி எடுத்தேன். என் வயிற்றை நான் எடுத்த அத்தனையும் அதன் முன்னால் மட்டமான சரக்கு.

அம்மா முப்பது வருடம் துணிக்கடை நடத்தியவள். கண்ணை மூடி விரலால் தடவியே நெசவைச் சொல்லிவிடுவாள். பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி திரையருகே குனிந்தாள்.

"கிரேப் துணி மாதிரி தெரியுது. தண்ணியில போட்டு சுருங்கிப்போச்சா? சாயமும் சரியா ஏறல. இதை எவன் தலையில கட்டப் போற?"

"கிரேப்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரி மகளுக்குப் பொய் வாயில் தயாராக இருக்கும்.

அவள் நகரவில்லை. "துணி மூச்சு விடுதே" என்றாள் மெதுவாக. தொப்புளுக்குப் பக்கத்தில், இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய வடு. அவள் கை தன் வயிற்றில் அதே இடத்துக்குப் போனது.

படத்தை நிறுத்தினேன். எப்போது எடுத்தாய் என்று கேட்டாள். சொன்னேன். அப்போது கதவு சாத்தியிருந்ததா என்று கேட்டாள். பிறகு, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று. இருநூறு இருக்கும் என்றேன். அரங்கில் நாற்காலி நானூறு.

"எவ்வளவு நேரம் வருது?"

"நாற்பது வினாடி."

"அஞ்சு வெச்சுக்கோ."

போன உயிர் திரும்பி வந்தது. பேரம் ஆரம்பித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. பழக்கதோஷத்தில் முப்பத்தைந்து என்றேன். அவள் எட்டுக்கு வந்தாள், நான் இருபத்தைந்துக்கு. முகமே இல்லை, யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

பத்து என்றாள். இருபதுக்குக் கீழே வெட்டினால் செத்த துணி மாதிரி ஆகிவிடும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப வேண்டாம்" என்று கிளம்பிவிட்டாள்.

கட்டுப்படியாகாது என்று கடையை விட்டு எழுந்துபோகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கூப்பிடுவார்கள் என்று நம்பிக் காலை எடுத்து வைக்கிறவர்கள், நிஜமாகவே போகிறவர்கள். மூன்றாவது அடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பாள் அம்மா. எண்ணினேன். ஒன்று. இரண்டு. நடையில் ஒன்றும் பிடிபடவில்லை. மணி ஐந்து நாற்பது.

நிலைப்படியில் நின்றாள். திரும்பவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். முந்தானை விலகி, சாயங்கால வெளிச்சத்தில் அவள் இடுப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என் கை அதற்குள் கேமராவின் மேல் இருந்தது.