வெள்ளைக்காரத் தேனீக்கு நூற்றெட்டு டிகிரி காய்ச்சல்

பொன்னுதுரை வளர்த்த தேனீக்கள் ஆஸ்திரேலியாவில் பிறந்து, கப்பலேறி மலாயாவுக்கு வந்தவை. காஜா பேராங்கில் அவர் வீட்டுக் கொல்லையில், ரம்புத்தான் மரத்தடியில், ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் குடியிருந்தன. பவுன் நிறம், உருண்டை உடம்பு, நடையிலே ஒரு மிடுக்கு. உள்ளூர்த் தேனீ எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் என்று பொன்னுதுரை சத்தியம் செய்வார்.

அவர் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து மேனேஜர் துரை, சுதந்திரம் வரப்போகிறது என்றதும் மூட்டை கட்டினார். பியானோவைக் கூட்டிப் போனார், நாயைக் கூட்டிப் போனார், தேனீயை மட்டும் கப்பல்காரன் ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். அதனால் பெட்டி கிராணிக்கு வந்தது. கூடவே ஒரு புத்திமதியும் வந்தது: வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போகாதே. பொன்னுதுரை பவ்வியமாகத் தலையாட்டினார். துரைக்கு வாழைப்பழ வாசம் ஆகாது போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டு அதோடு மறந்தும் போனார்.

பெட்டி வந்த ஜோரில் அவர் ஒரு காரியம் செய்தார். பிள்ளையார் கோயிலில் ஊரே கூடியிருந்தபோது எழுந்து, மெர்டேக்கா அன்று, அதாவது சுதந்திர நாளன்று, காலை அபிஷேகத்துக்குத் தேன் தன் பெட்டியிலிருந்துதான் வரும் என்று அறிவித்துவிட்டார். அதுவரை அந்தத் தேனைக் கொடுத்து வந்தவர் அவர் மனைவி சந்திரமதியின் அண்ணன் ராஜரத்தினம். தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் கடைத் தேன் மழைக்காலத்தில் தண்ணீராகவும் வெயில் காலத்தில் வெல்லப்பாகாகவும் இருக்கும்.

"நல்லது மாப்பிள்ளே," என்றார் ராஜரத்தினம், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "எதுக்கும் கடையில ஒரு போத்தல் எடுத்து வைக்கிறேன். அன்னைக்குக் காலையில நீங்க ஓடி வரணும்ல."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு பொன்னுதுரையின் காதுக்குள் போய் அங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டது.

ஜூலை மாதக் கடைசியில் தேனீக்கள் தரையில் ஊர ஆரம்பித்தன. இறக்கை சுருங்கிப்போய், ஈரத்தில் கிடந்த காகிதம் மாதிரி. பொன்னுதுரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் சிவப்பாக, தட்டையாக, குட்டி நண்டு போல ஓர் உண்ணி உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருந்தது. உள்ளூர்த் தேனீக்கு இந்த உண்ணி பரம்பரைச் சங்கதி. ஒன்றை ஒன்று சொறிந்து, கடித்து, தட்டிவிட்டுவிடும். இவையோ பூட்ஸ் கழற்றுவதற்குக்கூட ஆள் வரவேண்டும் என்று காத்திருக்கும் துரைமார் மாதிரி சும்மா நின்றன.

அடையில் தேன் நிறைந்துதான் இருந்தது. ஆனால் தேனீக்கள் அதை வற்றவைத்து, மெழுகால் மூடி போடவேண்டும். மூடாத தேன் புளித்துவிடும். தேனீ செத்தால் மூடி இல்லை. மூடி இல்லாவிட்டால் தேன் இல்லை. தேன் இல்லாவிட்டால், மெர்டேக்கா காலையில், நாடே தலை நிமிரும் நேரத்தில், பொன்னுதுரை ஒருவர் மட்டும் தெங்கேராவுக்கு ஓடிப் போய் ஒரு போத்தலுக்குக் கை நீட்டவேண்டும்.

புகையிலைப் புகை போட்டுப் பார்த்தார். தேனீக்கள் இருமின. உண்ணிகள் இன்னும் கொஞ்சம் கேட்டன. ஒரு நாள் சலித்துப்போய் ஓர் அடைச் சட்டத்தை வெயிலில், தகரச் சுவரோரம் செய்தித்தாள் மேல் சாய்த்துவைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளி. தேனீக்கள் இறக்கையை விசிறிக்கொண்டு ஜம்மென்று இருந்தன. உண்ணிகள்தான் சூடு தாங்காமல் மயங்கி உதிர்ந்திருந்தன.

அவர் போட்ட கூச்சலில், தொலைவில் கிளேபாங் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகக் கேள்வி.

மறுநாள் முழுப் பெட்டிக்கும் வெயில் காட்டலாம் என்றால் மழை. அதற்கு அடுத்த நாளும் மழை. வெயிலை நம்பி வைத்தியம் செய்ய முடியாது; ஒரே அளவாக, நாம் சொன்னபடி கேட்கும் சூடு வேண்டும். காஜா பேராங் முழுவதிலும் அப்படிப்பட்ட சூடு ஒரே இடத்தில்தான் இருந்தது.

சந்திரமதியின் தங்கை பூங்காவனம் தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்குச் சிகை அலங்கார சலூன் வைத்திருந்தாள். சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒரு மிசின் இறக்கியிருந்தாள்: உயரமான கால், அதன் உச்சியில் கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி ஒரு தொப்பி. ஈரத் தலையோடு அதற்குள் உட்கார்ந்தால் சுடுகாற்று அடித்து முடியைக் காயவைக்கும். பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் சூடு கூடும், குறையும்.

"அத்தான், ஒங்க தேனீக்குச் சுருட்டை முடி போடணுமா, இல்ல காய வச்சா போதுமா?" என்றாள் பூங்காவனம்.

"வெளையாடாதே. அதுங்களுக்கு உண்ணி."

"பேன்னு சொல்லுங்க. என்கிட்ட வர்ற பாதிப் பேருக்கு அதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கிட்டு வாங்க. குளிப்பாட்டிக் கூட்டிக்கிட்டு வாங்க."

அந்த வெள்ளிக்கிழமை, மெர்டேக்காவுக்கு மூன்று வாரம் இருக்கையில், பொன்னுதுரை பெட்டியை வலைத்துணியால் சுற்றி, சைக்கிளில் கட்டி, தள்ளிக்கொண்டே வந்தார். மூடியை எடுத்துவிட்டு, வாய்க்கு வலையை மட்டும் போர்த்தி, அதன் மேல் மிசின் தொப்பியை இறக்கினார். அடியில், உதிரும் உண்ணி ஒட்டிக்கொள்ளத் தேங்காயெண்ணெய் தடவிய வெள்ளைத் தாள். நடுவில், வலையின் கண் வழியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாய். அதில் நூற்றெட்டு டிகிரிக்கு மேல் கோடு கிடையாது. மனிதனுக்கு அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்கமாட்டான். அதற்கு மேல் போனால் அடையும் இளகிச் சரிந்துவிடும். தேனீக்கு நூற்றெட்டு டிகிரி காய்ச்சல் வரவைத்து உண்ணியை விரட்டுவது என்பதுதான் பொன்னுதுரை கண்டுபிடித்த நவீன வைத்தியம்.

"புதுக் காரியம். சாமி கும்பிட்டுட்டு ஆரம்பிங்க," என்றாள் சந்திரமதி. அவள் தட்டோடு வந்திருந்தாள். மிசினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். சாம்பிராணி காட்டினாள். அதில் தேனீக்கள் சொக்கிப்போய் அமைதியாயின. பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே, படையலாக, நன்றாகப் பழுத்த பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு வைத்தாள். அறை முழுக்கக் கமகமவென்று வாசம்.

மிசின் உறுமியது. குழாயில் பாதரசம் ஏறியது. நூறு. நூற்றிரண்டு. உள்ளே ரீங்காரமும் ஏறியது. அது காய்ச்சல் சத்தமில்லை, கோபச் சத்தம் என்று பொன்னுதுரைக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜரத்தினம் உள்ளே நுழைந்தார். நலம் விசாரிக்க வந்தாராம்.

"என்ன மாப்பிள்ளே, வெள்ளைக்காரச்சிக்கு அலங்காரமா?" தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தார். "சாயங்காலம் ஒண்ணும் சாப்பிடல. எங்கே, நோயாளியைப் பார்க்கிறேன்."

"அண்ணே, வலையைத் தொடாதீங்க," என்றாள் பூங்காவனம்.

தொட்டுவிட்டார். பழம் பிடித்த கையாலேயே வலையின் ஓரத்தைத் தூக்கி, பழம் மென்ற வாயோடு குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் துரை சொன்ன வாழைப்பழம் பொன்னுதுரையின் ஞாபகத்தில், கொம்பு ஊதிக்கொண்டு, வந்து நின்றது. தேனீ கொட்டும்போது ஒரு வாசம் வரும், வாங்க வாங்க எல்லாரும் வாங்க என்று கூட்டத்தைக் கூப்பிடும் வாசம். அதுவும் பழுத்த வாழைப்பழ வாசமும் ஒன்று.

ஒரு லட்சம் தேனீ வந்தது என்று ராஜரத்தினம் பிற்பாடு சொன்னார். அந்தப் பெட்டியில் மொத்தமே அதில் கால்வாசி இருந்தால் அதிகம். ஆனால் வந்தவை எல்லாம் அவர் மூக்கைத்தான் விலாசமாக வைத்துக்கொண்டு வந்தன. அவர் அறையை மூன்று சுற்று சுற்றி, கண்ணில் பட்ட பெரிய பேசினில் தலையை முக்கினார். மூச்சு முட்டினால் வெளியே வருவார். தேனீக்கள் காத்திருக்கும். மறுபடி முக்குவார்.

"அண்ணே, அந்தப் பேசின் வேணாம்," என்று பூங்காவனம் நாற்காலிக்குப் பின்னாலிருந்து சொன்னாள். தண்ணீருக்குள் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

பொன்னுதுரை ஒரு கையால் வலையை இழுத்து மூடியிருந்தார். கழுத்தில் நாலு கொட்டு, காதில் ஒன்று. மிசினை நிறுத்தலாம்; ஓடலாம். குழாயைப் பார்த்தார். நூற்றாறு. இப்போது விட்டால் உண்ணிகள் கொஞ்சம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சவாரி ஏறிவிடும்.

"என்னங்க, விட்டுட்டு வாங்க," என்றாள் சந்திரமதி, கதவிடுக்கு வழியாக.

"பழத்தைத் தூக்கி ரோட்டுல வீசு. தட்டோட வீசு."

சாமிக்கு வைத்ததை எப்படி வீசுவது என்று அவள் ஒரு நிமிஷம் தவித்தாள். அப்புறம் புருஷனின் காதைப் பார்த்தாள். அது அதற்குள் அப்பளமாகிக்கொண்டிருந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பாய்ந்து வந்தவள், சீப்பை அள்ளிக்கொண்டு, தெருவைத் தாண்டி எதிர்ச் சாரியில் இருந்த சாக்கடை வரைக்கும் ஓடி, வீசிவிட்டுத் திரும்பினாள்.

வாசம் தணிந்தது. ரீங்காரம் தணிந்தது. நூற்றேழு. நூற்றெட்டைத் தொட்டதும் திருகைக் குறைத்து, அங்கேயே பிடித்து நிறுத்தி, ஐயனார் சிலை மாதிரி அசையாமல் நின்றார் பொன்னுதுரை. போதும் என்று தோன்றியபோது மிசினை அணைத்து, எண்ணெய்த் தாளை மெதுவாக உருவினார்.

கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியது மாதிரி இருந்தது. அத்தனையும் உண்ணி.

ஒவ்வோர் அடையாகத் தூக்கிப் பார்த்தார். ஓடின களேபரத்தில் ராணியும் பறந்திருந்தால் எல்லாம் வீண். நாலாவது அடையில் அவள் இருந்தாள். நீளமாக, நிதானமாக, தலை காயவைத்துவிட்டு எழுந்த சீமாட்டி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

"இருக்கா," என்றார்.

"நானும் இருக்கேன்," என்றார் ராஜரத்தினம் பேசினிலிருந்து நிமிர்ந்து.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். மூக்கு சின்னப் பப்பாளி அளவுக்கு வந்திருந்தது. அது இருக்கட்டும். பத்து வருஷமாக வெள்ளையாய் இருந்த முடி, மீசை, புருவம் எல்லாம் காக்கைக் கறுப்பு. நாளைக்கு ஒரு வாடிக்கைக்காரிக்கென்று பூங்காவனம் சாயம் கரைத்து வைத்திருந்த பேசின் அது.

"நல்லாத்தான்ணே இருக்கு," என்றாள் பூங்காவனம். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கலாம்."

பொழுது சாய்ந்ததும் வெளியே திரிந்த தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பின. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பொன்னுதுரை அவற்றை சலூனுக்குக் கூட்டிப் போனார், தட்டில் வெறும் பூவும் வெற்றிலையும் மட்டும் வைத்து. சுருங்கின இறக்கைகள் போய்ப் புதுத் தேனீக்கள் பிறந்தன. அடை முழுக்க வெள்ளை வெளேரென்று மெழுகு மூடி விழுந்தது.

மெர்டேக்கா காலையில் பிள்ளையாரின் தும்பிக்கை வழியாக அந்தத் தேன் இறங்கியபோது, அது இறங்கி முடிப்பதற்குள் ஐயர் இரண்டு தடவை மந்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அத்தனை கெட்டி. பொன்னுதுரை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

ராஜரத்தினம் கறுத்த மீசையோடு முன்வரிசையில் நின்றார். அவர் கொண்டுவந்த போத்தல் ஜிப்பாப் பைக்குள்ளேயே இருந்தது. வயசு எப்படி இப்படிக் குறைந்தது என்று கேட்டவர்களிடம் எல்லாம் தேன் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயர் பிரசாதம் கொடுத்துக்கொண்டே வந்தார். ராஜரத்தினத்தின் கையில் நன்றாகப் பழுத்த பிசாங் மாஸ் ஒன்று விழுந்தது. அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே, கோபுரத்தடியில் ஏதாவது பறக்கிறதா என்று பார்த்தார். பிறகு பழத்தை மெல்லப் பொன்னுதுரையின் சட்டைப் பையில் செருகினார்.

"நீங்களே சாப்பிடுங்க மாப்பிள்ளே," என்றார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள வாயை மட்டும் நல்லாக் கொப்பளிச்சிடுங்க."