அடியைத் தொடும் முள்

குழாய் ரிப்பேர்காரர் ஏரியின் அடியில் குடியேறி மூன்று வாரம் ஆன பிறகுதான் அவருடைய மனைவி தூண்டில் கடைப் படியேறினாள். அதற்குள் ஊர் அந்தச் செய்தியைப் பேசி முடித்து வெங்காய விலைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீருக்குள் நடந்து போனதை மூன்று பேர் பார்த்தார்கள். தீயணைப்பு நிலையத்து முக்குளிப்பு வீரர் நாற்பதடி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்த அறிக்கையில் இரண்டே வரி: ஆள் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார், நலம். மேலே வர விருப்பமில்லை என்று தலையசைத்தார். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை, கோபித்துக்கொண்டு போனவரைச் சமாதானம் செய்வது அல்ல என்று நிலைய அதிகாரி கையை விரித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

குழாய்க்காரர் ஏன் போனார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் தையல்காரி. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டிய மனுஷன் சொந்த வீட்டுச் சமையலறைக் குழாயை ஏழு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் அது பிய்த்துக்கொண்டு தையல் அறைக்குள் தண்ணீர் புகுந்து, தைத்து அடுக்கியிருந்த நாற்பது பள்ளிச் சீருடைகளும் சாயம் கலந்து பாழாயின. “எங்கேயாவது போய்த் தொலைங்க, உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல” என்று கத்திவிட்டாள். இப்படி ஒரு பேச்சு விழாத வீடு எது? எந்த வீட்டிலும் யாரும் போவதில்லை. இவர் போய்விட்டார். அவளுக்கு நீச்சல் தெரியாது. சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு அவரை மேலே கொண்டுவர வேண்டும் என்ற ஒரே நினைப்பில் சோறு இறங்கவில்லை. சட்டைக் காலரில் ஒரு முள் மாட்டினால் போதும், மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

தூண்டில் கடைக்காரர் எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். புருஷனைப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு அவர் கேட்டதெல்லாம், அடி பாறையா, சேறா, கட்டையா என்பதுதான். ஏதோ பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாராம், அது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்றாள். “அப்போ முதல்ல அடியைத் தெரிஞ்சுக்கணும்மா. அடி தெரியாம எறியறது, அட்ரஸ் எழுதாம தபால் போடற மாதிரி” என்று ஜிக் எனும் செயற்கை இரைகள் இருந்த பெட்டியைத் திறந்தார். ஈயத்தில் ஒரு தலை, அதிலிருந்து மேல்நோக்கி வளைந்த பெரிய முள், கழுத்தில் ரப்பர் குஞ்சம், செடியில் சிக்காமல் முள்முனையை மறைத்து நிற்கும் விறைப்பான நார்க்கற்றை, வாலில் நண்டுக் கொடுக்கு மாதிரி மெத்தென்று ஒரு ரப்பர் துண்டு: இவ்வளவுதான் ஜிக். பாறைக்கு, குறுக்கே நீண்டு உருண்ட தலை, இடுக்கில் மாட்டாது. கட்டைக்கு ஒடுங்கிய தலை, கிளைகளுக்குள் நுழைந்து வரும். தெளிந்த தண்ணீருக்குப் பழுப்பும் பச்சையும், கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். கடைசியாக ஒரு விதி சொன்னார். ஏரியில் திரியும் பாஸ் எனும் வேட்டை மீன் ஜிக்கை வாயில் எடுத்தால் தூண்டில் நரம்பில் டக்கென்று ஒரு தட்டு தெரியும். தெரிந்ததும் யோசிக்கக் கூடாது, யோசித்தால் துப்பிவிடும், ஒரே சுண்டு.

நான்கு மாதம் போயிற்று. மதியம் வரை தையல், அதன்பின் ஏரி. பத்து கிராம் ஈயம் காற்றில் அலைந்து அடியைத் தொட்டதா இல்லையா என்றே சொல்லவில்லை. இருபத்தெட்டு கிராம் சேற்றில் புதைந்து ஊமையானது. இருபத்தொன்று சரியாக இருந்தது. இழுக்கும்போது சேறு கையில் கனத்தது, கூழாங்கல் ஜிப் இழுப்பது போல நரநரத்தது, மூழ்கிய மரம் மெல்ல ஏறவிட்டுத் தொப்பென்று கீழே போட்டது. கரையிலிருந்தபடியே ஏரியின் தரை முழுவதையும் விரல்நுனியில் அளந்துவிட்டாள். முள் சட்டையில் சட்டென்று ஏறட்டும் என்று நார்க்கற்றையைக் கத்தரிக்கோலால் பாதிக்கு நறுக்கினாள். இடையில் பாஸ் மீன்கள்தான் பெரிய தொல்லை. தட்டும், சுண்டுவாள், நாலு கிலோவில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு வரும். “உன்னை யாரு கூப்பிட்டா?” என்று திட்டித் திருப்பி விடுவாள். முதலில் சிரித்த தூண்டில்காரர்கள் பிறகு கூச்சத்தோடு வந்து, இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்டுப் போனார்கள்.

ஐந்தாம் மாதம், வெயில் சாய்ந்த ஒரு பொழுதில், ஜிக் பாறைமேல் ஏறி நின்றது. நரம்பில் ஒரு தட்டு, சற்று நிறுத்தி இரண்டு தட்டு. குழாயில் எங்கே அடைப்பு என்று அறிய அவர் ஸ்பேனரால் தட்டும் விதம் அது. பத்தொன்பது வருடம் கேட்ட சத்தம், அவளுக்குத் தெரியாமலா போகும்? தெரிந்தது. ஆனால் மனசுக்குத் தெரியும் முன்பே கை சுண்டிவிட்டது. யோசிக்காதே என்று நான்கு மாதம் பழக்கிய கை. கோல் வளைந்தது. நரம்பு வழியே ஒரு நடுக்கம் ஏறி வந்தது, அது மீனின் நடுக்கம் இல்லை. பிறகு பளு விட்டுப்போயிற்று. சுற்றி எடுத்துப் பார்த்தால் நரம்பின் நுனி சாய்வாக, சுத்தமாக, கட்டரால் வெட்டியது போல இருந்தது. அவள் அப்படியே கோலைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடி, “கூப்பிட்டாருண்ணே, நான் குத்திட்டேன்” என்று வாய்விட்டு அழுதாள். கடைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மறுநாள் அவள் ஒரு ஜிக்கை நீட்டி முள்ளை வெட்டித் தரச் சொன்னாள். “முள்ளில்லாம எதுவும் வராதும்மா” என்றார். “வரவேண்டாம்ணே. தொட்டாப் போதும்.” பிளையரால் வளைவை நறுக்கினார். வெறும் ஈயமும் குஞ்சமுமாக அதைத் தினமும் பாறைமேல் இறக்கி வைத்தாள். மீன் தட்டும்போதெல்லாம் முழங்கை துள்ளியது. அதனால் அளவு டேப்பால் முழங்கையை இடுப்போடு கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துச் சிலர் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. தான் அவரைக் கொன்றுவிட்டதாகவே சில நாள் நினைத்தாள்.

ஒரு மதியம் நரம்பு கனத்தது. தட்டு இல்லை, இழுப்பு இல்லை. யாரோ பிடித்திருந்தார்கள். அவள் கை சுண்டவில்லை. “மனசறிஞ்சு சொல்லலைங்க” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “வாயில வந்துடுச்சு. அதுக்காக இப்படிப் போயிடுவீங்களா?” நரம்பு மெதுவாகத் தொய்ந்தது. தூண்டில் தெரிந்த எவரும் சொல்வார்கள்: பிடித்தது விட்டுவிட்டால் நரம்பு சட்டென்று தொய்யும், கரையை நோக்கி வந்தால் மெதுவாகத் தொய்யும். இழுக்காமல், தொய்வை மட்டும் சுற்றினாள். முதலில் தலை தெரிந்தது, பிறகு தோள். இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

அவருடைய வலது உள்ளங்கையில் குத்தியபடியே பழைய ஜிக், குஞ்சத்தில் பாசி படர்ந்து தொங்கியது. தோள் பையில் மூன்று பிளையர் இருந்தன.

“எடுத்துப் போட வேண்டியதுதானே?” என்றாள்.

“நீ கோபத்துல குத்தினதுன்னு நினைச்சேன். கோபம் தீர்ந்தா நீயே எடுப்பேன்னு விட்டுட்டேன்.”

அவள் உடுத்த துணியோடு இறங்கினாள். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி, பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளி, முள்முனையில் இருக்கும் எதிர்முள் வெளியே வந்ததும் பிளையரால் நறுக்கி, மிச்சத்தை உருவினாள். அவர் கத்தினார். அவளும் கத்தினாள்.

அவர் அதற்குமேல் கரையேறவில்லை, கால் வரவில்லை என்றார். இது நடந்து பதினோரு வருடம். அவர் அங்கேயே இடுப்பளவில் இருக்கிறார். அவள் முக்காலி போட்டு, கணுக்கால் நனைய உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். சண்டை வந்தால் அவள்தான் எழுந்து கொஞ்ச தூரம் போய்விட்டு வருகிறாள். நகராட்சி அந்த இடத்தைச் சுற்றி மிதவை கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் பாஸ் மீன் கடிப்பதில்லை, பேச்சுச் சத்தம் அதிகம் என்று தூண்டில்காரர்கள் இடம் மாறிக்கொண்டார்கள்.